மாவுக்கட்டும் மாப்பும்

அந்து டப்புக்குள் நின்று ஆடிக்கொண்டிருந்தான்.

துணி ஊற வைக்கிற நீல பிளாஸ்டிக் டப். அதற்குள் ஒரு வாரத்து அழுக்குத் துணி. துணிக்கு மேல் அவன் முழங்கால் வரைக்கும் நுரை. நுரைக்கு மேல் ஐந்து வயது அந்து, வெறும் ஜட்டியோடு. காலால் மிதித்தால் அழுக்குப் போகும் என்று சொன்னது நான்தான். சோப்புத்தூள் இரண்டு ஸ்பூன் போதும் என்று சொல்ல மறந்ததும் நான்தான். பாக்கெட் காலியாகிச் சுவரோரம் கிடந்தது.

"டாடி, பாரு, மேகம்!"

மேகம் டப்பை விட்டு இறங்கி, குளியலறைப் படியைத் தாண்டி, ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. ஹாலில் ஒரு நாற்காலியில் நான். எதிரே ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல், முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்ட என் இடது கால். கட்டு நனையவே கூடாது என்று டாக்டர் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஜெனி! மாப் எடுத்துட்டு ஓடி வா!"

மூத்தவள் ஜெனிக்கு ஏழு வயது. ஓடிவந்தாள். வந்த வேகத்தில் நுரையில் கால் வைத்தாள். பொத்தென்று உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே, மாப்பைக் கையில் பிடித்தபடியே, என் ஸ்டூலைக் கடந்து வாசல் கதவு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னொரு வாட்டி!" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததைத் தடுக்க எனக்கு இரண்டு காலும் தேவைப்பட்டிருக்கும். அந்து டப்பிலிருந்து குதித்தான். இருவரும் குளியலறையிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து குளியலறைக்கும் மாறி மாறி வழுக்கினார்கள். நான் விசில் ஊதினேன். ஆமாம், என் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஊதினேன், கத்தினேன், கடைசியில் ஸ்டூலையும் காலையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நுரை கதவிடுக்கு வழியாக வெளியே போய்ப் படியிறங்கியது. கீழ்வீட்டில் எங்கள் ஹவுஸ் ஓனர் கௌரம்மா, காலையில்தான் வாசலில் பெரிய ரங்கோலி போட்டிருந்தார்.

"யாரோ அது மேலே? ஏன் மாட்தா இதீரா?" என்று குரல் வந்தது. என்ன செய்கிறோம் என்று கேட்கிறார்.

ஜெனி மாடிப்படிக் கம்பியில் தொங்கிக்கொண்டு, சுத்தக் கன்னடத்தில், பெருமையாகப் பதில் சொன்னாள்.

"ஆன்ட்டி, பட்டே ஒகீதா இதீவி!"

துணி துவைக்கிறோமாம்.

படி இருந்தது, குதித்தேன்

இதெல்லாம் ஏன் நடந்தது என்று சொல்ல வேண்டும்.

அடுகோடியில் இயந்திர உதிரிபாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் நான் டிராயிங் போடுகிறவன். சில கோடைகளுக்கு முன் ஒரு நாள், சரக்கு இறக்க வந்த டெம்போவின் மேல் ஏறி ஒரு அளவு பார்த்தேன். பார்த்துவிட்டுக் கீழே குதித்தேன். இறங்குவதற்குப் படி இருந்தது. எனக்கு வயது நாற்பத்தொன்று. எதற்குக் குதித்தேன் என்று மனைவி கேட்டாள், டாக்டர் கேட்டார், முதலாளியும் கேட்டார். நானும் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு விரிசல் விட்டிருந்தது.

அந்த வாரம்தான் ரெஜினா மைசூருக்குக் கிளம்ப வேண்டும்.

ரெஜினா என் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினோரு வருடம் வார்டில் ஓடிய கால்கள் அவளுடையவை. அவர்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக டயாலிசிஸ் பிரிவு தொடங்குவதாக இருந்தார்கள். மைசூரில் மூன்று வாரப் பயிற்சி. முழுதாக முடித்துவிட்டு வருகிறவர்தான் பிரிவுக்குப் பொறுப்பு. ரெஜினாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாதியில் திரும்பினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

கட்டுப் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்த சாயங்காலம், பாதி அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து அவள் ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்து வைத்தாள். கோபமாக எடுத்திருந்தால் பரவாயில்லை. மடிப்புக் கலையாமல், நிதானமாக எடுத்தாள். அதைப் பார்க்க முடியவில்லை.

"நீ போ. நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

"நாங்கன்னா யாரு?"

"நான், ஜெனி, அந்து."

ரெஜினா என்னைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். கட்டிலின் மேல் தலையணையால் அடித்துக்கொண்டிருந்த எங்கள் படையைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு அரிசி டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியாது. ஆனால் அந்துவுக்குத் தெரிந்திருந்தது. "ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல, கீழ!" என்று கத்தினான். அந்த ஒரு பதிலில்தான் ரெஜினா மைசூர் போனாள் என்று இன்றும் நம்புகிறேன்.

போகும்போது ஒரு நிபந்தனை வைத்தாள். "தினம் ஏழு மணிக்கு வீடியோ கால் பண்ணுவேன். பசங்க சரியா சாப்பிடல, வீடு குப்பையா கெடக்குன்னு தெரிஞ்சா, மறுநாள் காலைல பஸ் ஏறிடுவேன். சும்னே பேச்சுக்குச் சொல்லல."

நான் வளர்ந்த லட்சணம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை வேலை வாங்க நான் தகுதியான ஆளே இல்லை. எனக்கே வேலை தெரியாது.

எங்கள் வீட்டில் மூன்று அக்காக்கள், கடைசியில் நான். சாப்பிட்டு முடித்தால் கையை மட்டும் கழுவுவேன். தட்டு எப்படியோ மறைந்துவிடும். கழற்றிப் போட்ட சட்டை இரண்டு நாளில் அலமாரியில் மடித்திருக்கும். வீட்டுக்கு அப்படி ஒரு குணம் உண்டு போலிருக்கிறது என்றுதான் பல வருடம் எண்ணியிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன் பொம்மனஹள்ளியில் ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நால்வரும் என்னைப் போல்தான். கழுவாத பாத்திரம் சேர்ந்துகொண்டே போகும். எல்லாம் தீர்ந்தபின் குக்கர் மூடியைக் கவிழ்த்து அதில் சாப்பிட்டவனும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கு இப்போது மகள் இருக்கிறாள். ஒரு கட்டத்தில் அறையையே காலி செய்துவிட்டு வேறு அறைக்குப் போனோம். பாத்திரங்களை எடுத்துப் போகவில்லை.

கல்யாணமாகி ஆஸ்டின் டவுனுக்குக் குடிவந்ததும், வீடு மறுபடி பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டது. ரெஜினா இரவு டியூட்டி முடித்து வந்து சாதம் வைப்பாள். நான் பேப்பர் படிப்பேன்.

விசிலும் சார்ட்டும்

ரெஜினாவின் பஸ் கிளம்பிய அரைமணி நேரத்தில் வேலையில் இறங்கினேன். தொழிலே டிராயிங் அல்லவா? பெரிய தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு சார்ட் தயாரித்தேன். மேலே கிழமைகள், பக்கவாட்டில் வேலைகள், கட்டங்களில் ஒட்ட நட்சத்திர ஸ்டிக்கர். ஜெனியின் ஸ்கூல் விளையாட்டு விழாவில் கிடைத்த விசில் என் கழுத்துக்கு வந்தது. ஒரு ஊதல் என்றால் ஜெனி, இரண்டு என்றால் அந்து.

முதல் நாள் அற்புதமாகப் போனது. கட்டில் விரிப்பை ஜெனி மூன்று முறை மாற்றிப் போட்டாள். அந்து பேப்பரைக் கீழிருந்து ஒரு பக்கம் ஒரு பக்கமாகக் கொண்டு வந்தான். கோடை விடுமுறை, வேறு என்ன வேலை அவர்களுக்கு?

இரண்டாம் நாள் நட்சத்திரங்களை அந்து தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டான். கன்னத்தில், தொப்புளில், அடுத்துக் கௌரம்மா வீட்டுப் பூனையின் முதுகில். வேலையே செய்யாமல் எல்லா நட்சத்திரமும் தீர்ந்தது.

சமையலில் முதல் அடி சோற்றில் விழுந்தது. நான் ஊன்றுகோலோடு கேஸ் அடுப்படியில் நிற்பேன். தீயருகே பிள்ளைகள் வரக் கூடாது என்பது சட்டம். கரண்ட் குக்கரில் சோறு வைப்பது மட்டும் அவர்கள் பொறுப்பு. எவ்வளவு தண்ணீர் என்று போனில் ரெஜினாவைக் கேட்டேன்.

"அரிசிக்கு மேல விரல வெச்சுப் பாருங்க. ஒரு கணு தண்ணி நிக்கணும்."

அதை அப்படியே அந்துவிடம் ஒப்படைத்தேன். அவன் பயபக்தியோடு கை கழுவி, விரலை விட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அளந்தான். குக்கர் ஆஃப் ஆனது. திறந்தால் சோறு ஜல்லிக்கல் மாதிரி கலகலத்தது.

அந்துவின் விரலில் ஒரு கணு எவ்வளவு இருக்கும்? நான் ஒரு டிராயிங்காரன். அளவில்தான் என் பிழைப்பே நடக்கிறது. எனக்கு அது உறைக்கவில்லை. ஜெனிதான் தம்பியின் கையைத் தூக்கித் தன் கையோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "டாடி, இவன் விரலே ரொம்ப குட்டி. இவனுக்கு ரெண்டு கணு வெக்கணும்" என்றாள்.

மறுநாள் இரண்டு கணு வைத்தோம். சோறு பூப்போல வந்தது. அந்து அன்று முழுக்க அந்த விரலை மடக்காமலேயே திரிந்தான்.

கேமரா மூலை

ஆனால் வீடு வீடாக இல்லை. விசிலுக்கு மரியாதை போய்விட்டது. ஒரு ஊதலுக்கு ஜெனி, "அது எனக்கில்ல, காத்து" என்பாள். இரண்டு ஊதலுக்கு அந்து நாய் மாதிரிக் குரைப்பான். நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் ஊதஊத, அவர்கள் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே போவார்கள். சிங்க்கில் பாத்திரம் மலையானது. எனக்குப் பொம்மனஹள்ளி அறை ஞாபகம் வந்தது.

ஏழு மணி வீடியோ கால் மட்டும் தவறாது. மூன்றாம் நாளே ஜெனி ஒரு வழி கண்டுபிடித்தாள். போனில் தெரிவது நாற்காலியும் அதற்குப் பின்னால் ஒரு துண்டுச் சுவரும்தானே? அதை மட்டும் சுத்தம் செய்தால் போதாதா?

தப்பு என்று எனக்குத் தெரியும். பெரியவன் நான்தான். "ஆறே முக்காலுக்கு நினைவு படுத்து" என்றேன்.

அதிலிருந்து ஆறே முக்காலானால் எங்கள் வீட்டில் பண்டிகைச் சுறுசுறுப்பு. நாற்காலியைச் சுற்றி மூன்றடிக்கு மூன்றடி பெருக்குவோம். பின்சுவரில் மாதா படத்தைத் துடைப்போம். அந்துவுக்கு இடுப்புக்கு மேல் மட்டும் நல்ல சட்டை. காட்சி எல்லைக்கு வெளியே துணி, தட்டு, மாங்கொட்டை, உடைந்த கிரேயான் எல்லாம் மேடாக ஒதுக்கியிருக்கும்.

"பரவாயில்லையே, நீட்டா இருக்கே!" என்பாள் ரெஜினா. அவள் முகத்தில் நிம்மதி தெரியும். மறுநாள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த நுரைக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் அது. கோடையில் தண்ணீருக்கு அழுத்தம் இல்லாமல் வாஷிங் மெஷின் ஓட மறுத்ததால்தான் டப்புக்குப் போனோம். நுரையை அள்ளி, கௌரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, ஜெனி கீழே போய் அவருக்குப் புது ரங்கோலிக்குப் புள்ளி வைத்துக் கொடுத்து, எல்லாம் முடிந்தபோது ஏழு அடித்துவிட்டது. ஆறே முக்காலை மறந்துவிட்டோம்.

போன் அடித்தது. அந்து எடுத்துவிட்டான்.

"மம்மி! இன்னிக்கு நம்ம வீட்ல மேகம் வந்துச்சு! காட்டவா?"

"அந்து, போனை டாடிகிட்ட குடு" என்று நான் சொல்வதற்குள் ஓடிவிட்டான். ஹால், சமையலறை, சிங்க், டப், கட்டிலுக்கு அடி என்று ஒன்று விடாமல் காட்டினான். "இது ஜெனி வழுக்குன எடம். இது கேமரா மூலை, இங்க மட்டும் கிளீன் பண்ணுவோம். இது நேத்து தட்டு. இது அதுக்கு முந்தின நாள் தட்டு."

போன் என் கைக்கு வந்தது. திரையில் ரெஜினா. ஹாஸ்டல் அறையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டுப் புத்தகம்.

"காலைல பஸ் ஏறிடறேன்" என்றாள்.

"ரெஜினா..."

"வீடு குப்பையா இருக்கறது பெருசில்லங்க. எங்கிட்ட நடிச்சீங்க பாருங்க. பசங்களையும் நடிக்க வெச்சீங்க."

ஜெனி என் தோளுக்கு மேல் முகத்தை நீட்டினாள். அழுதிருந்தாள். "மம்மி, கேமரா மூலை என் ஐடியா. டாடி இல்ல. நீ கிளாஸ முடிச்சுட்டு வா. ரெண்டு நாள் டைம் குடு, ப்ளீஸ் மம்மி."

ரெஜினா மடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தை மூடினாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிலோ அக்கா சொன்னது

பிள்ளைகளுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, தங்கவயலில் இருக்கும் பிலோ அக்காவுக்குப் போன் போட்டேன். என் மூன்று அக்காக்களில் நடுவில் பிறந்தவள். வீட்டில் அதிகம் வேலை செய்தவள் அவள்தான்.

"அக்கா, பசங்கள வேலை செய்ய வைக்கிறது எப்படி? நம்ம அம்மா உங்கள எப்படி செய்ய வெச்சாங்க?"

அக்கா சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். போனை மாமாவிடம் கொடுத்து, "இவன் என்ன கேக்கறான்னு கேளுங்க" என்று சொல்லி மறுபடி சிரித்தாள். பிறகு அவள் குரல் சாதாரணமானது.

"எப்படி செய்ய வெச்சாங்களா? பொண்ணா பொறந்தோம், செஞ்சோம். சின்னா, எங்கள யாரு கேட்டாங்க? எனக்கும் அஞ்சு வயசுதான். கல்லு போட்டு ஏறி நின்னு பாத்திரம் கழுவுவேன். நீ அப்ப தொட்டில்ல இருந்தே."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கோவத்துல சொல்லலடா. நீ கேட்டே, சொன்னேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். பெரியக்கா பக்கத்துல நின்னு கழுவுனப்ப எனக்கு அது வேலையா தெரியல. ரெண்டு பேரும் கத பேசுவோம். அவ கல்யாணமாகிப் போனப்புறம்தான் வேலை வேலையா தெரிஞ்சுது."

போனை வைத்துவிட்டுச் சுவரிலிருந்த என் சார்ட்டைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து நானே போட்ட கோடுகள். ஜெனியின் பெயரில் ஏழு வேலை. அந்துவின் பெயரில் இரண்டு: பேப்பர் கொண்டு வருவது, சமர்த்தாக இருப்பது. என் பெயரே இல்லை.

"ஜெனி, உனக்கு ஏழும் அவனுக்கு ரெண்டும் போட்டிருக்கேனே, நீ ஏன் கேக்கல?"

அவள் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "கேட்டேனே. அவன் குட்டின்னு சொன்னே" என்றாள். "அவனுக்கு இப்ப அஞ்சு. எனக்கு அஞ்சானப்பவே நான் துணி மடிச்சேன். அப்புறம் டாடி, சமர்த்தா இருக்கறது எப்படி வேலையாகும்?"

சார்ட்டைக் கிழித்தேன். விசிலைக் கழற்றி அந்துவிடம் கொடுத்தேன். அது இன்னொரு தவறு. அடுத்த இரண்டு வாரமும் அவன்தான் ஊதினான்.

தரையில் இறங்கினேன்

மறுநாள் காலை, கட்டுப் போட்ட காலுக்குப் பெரிய பிளாஸ்டிக் கவர் மாட்டி ரப்பர் பேண்டால் இறுக்கினேன். நாற்காலியிலிருந்து மெல்ல வழுக்கித் தரையில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். நான் அவர்கள் உயரத்தில் இருந்து பார்த்தது அதுவே முதல் தடவை.

"யாருக்கு எந்த வேலை வேணும்? நீங்களே சொல்லுங்க."

அந்து பாத்திரம் கழுவுவதைக் கேட்டான். அவனுக்கு வேண்டியது தண்ணீர். வெங்காயம் உரிப்பதையும் கேட்டான். அதற்கு நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொள்ளலாம் என்பது ஜெனியின் ஏற்பாடு. ஜெனி துணி மடிப்பதை வைத்துக்கொண்டாள், அடுக்குவதை வைத்துக்கொண்டாள், அரிசி பருப்புக் கணக்கை வைத்துக்கொண்டாள்.

"மாப் யாருக்கு?" என்றேன்.

"உனக்கு" என்றார்கள் இருவரும்.

ஈரத்துணியை எடுத்தேன். காலை முன்னால் நீட்டி, கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து துடைக்க ஆரம்பித்தேன். இரண்டு கட்டம் துடைப்பேன், ஓர் அடி பின்னால் நகர்வேன். அந்து வாயைப் பிளந்தான்.

"டாடி ரிவர்ஸ்ல போறாரு!"

அவ்வளவுதான். அந்துவும் ஜெனியும் ஆளுக்கொரு துணியோடு வந்தார்கள். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து, பின்னால் நகர்ந்து, பீப் பீப் என்று லாரி மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு ஹாலைத் துடைத்தோம். அந்து விசிலடித்து, "பரலி, பரலி, ரைட்ல பரலி!" என்று கன்னடத்தில் வரட்டும் சொல்லி வழிகாட்டினான். நான் சுவரில் முட்டினேன். ஜெனி என்மேல் முட்டினாள். ஹால் முடிந்ததும் யாரும் சொல்லாமலே சமையலறைக்கு ரிவர்ஸ் எடுத்தோம்.

மலையாகக் கிடந்த பாத்திரத்தை எல்லாம் தரைக்கு இறக்கி, டப்பில் தண்ணீர் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். நான் தேய்த்தேன், அந்து அலசினான், ஜெனி துடைத்து அடுக்கினாள். பிலோ அக்கா சொன்னது நினைவுக்கு வந்து, ஒரு கதை சொன்னேன். எங்கள் அறையில் குக்கர் மூடியில் சாப்பிட்டவரின் கதை. அந்து சிரித்துச் சிரித்து டப்புக்குள்ளேயே விழுந்தான். மூடியைக் காட்டி, "இதுலயா? நெஜமா இதுலயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அன்று மதியம் மூன்று பேரும் மூடியில்தான் சாப்பிட்டோம்.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். உருளைக்கிழங்கை அந்து சோப்புப் போட்டுக் கழுவினான். பொரியல் மல்லிகை வாசனை அடித்தது. ஜெனி துணிகளை முக்கோணமாக மடித்தாள். என் லுங்கி சமோசா மாதிரி அலமாரியில் இருந்தது. அந்துவின் சிவப்பு டிரவுசர் சேர்ந்து தலையணை உறைகள் எல்லாம் ரோஸ் நிறமாயின.

தண்ணீர் வேலையில்தான் அந்து பெயர் வாங்கினான். எங்கள் பகுதிக்குக் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், நினைத்த நேரத்துக்கு வரும். வருவதற்கு முன் குழாய் புஸ்ஸென்று மூச்சு விடும். அந்த மூச்சைக் காதைக் குழாயில் ஒட்டிவைத்துக் கேட்பது அவன் பொறுப்பு. கேட்டதும் விசிலடித்துக்கொண்டு மாடியிலிருந்து கீழ்வரை ஓடி, "நீரு பந்து! தண்ணி வந்துச்சு!" என்று இரண்டு மொழியிலும் அறிவிப்பான். கௌரம்மாவே ஒருநாள் மேலே வந்து, பாத்திரம் நிறைய பிசிபேளே பாத் கொடுத்துவிட்டுப் போனார். ரங்கோலி விஷயம் அதோடு தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு, அந்துவிடமே போனைக் கொடுத்தேன். "எல்லாத்தையும் காட்டு" என்றேன். அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஆரம்பித்தான். அங்கே இரண்டு மாங்கொட்டை இன்னும் இருந்தன. சிங்க்கில் ஒரு பால் பாத்திரம். ரெஜினா எல்லாவற்றையும் பார்த்தாள். ரோஸ் தலையணை உறையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியாக, "அந்து, சாப்ட்டியா?" என்றாள்.

"சாப்ட்டேன் மம்மி. நான்தான் சோறு வெச்சேன். என் விரலுக்கு ரெண்டு கணு."

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "சரி, போய்ப் படுங்க. எனக்கு நாளைக்கு டெஸ்ட்" என்றாள்.

நாலடிக் கோடு

மூன்று வாரம் முடிந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெஜினா பெட்டியோடு படியேறி வந்தாள். பயிற்சியில் தேறிவிட்டாள் என்று அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நடையிலேயே தெரிந்தது.

பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு முடித்ததும், நர்ஸ் கண்ணோடு வீட்டைச் சுற்றி வந்தாள். அலமாரியின் கீழ்த்தட்டில் விரல் வைத்தாள், தூசி இல்லை. நடுத்தட்டில் வைத்தாள், இல்லை. மேல்தட்டில் விரலை வைத்து எடுத்தாள். விரல் கறுப்பாக வந்தது.

நின்று சுவரைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வீடு முழுக்க நான்கடி உயரத்தில் கோடு போட்ட மாதிரி இருந்தது. ஜெனியின் கை எட்டும் வரைக்கும் பளபளப்பு. அதற்கு மேலே மூன்று வாரத் தூசி அசையாமல் இருந்தது. அந்து எட்டும் உயரம் வரை இரட்டைப் பளபளப்பு. ரெஜினா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே பிள்ளைகளும் சிரித்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, முட்டை. சாப்பிட்டு முடித்ததும் ரெஜினா பழக்கத்தில் எழுந்து எல்லார் தட்டையும் சேர்த்து அடுக்கப் போனாள்.

"மம்மி, உக்காரு" என்றான் அந்து. "அது என் வேலை."

உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஜெனி மிச்சச் சோற்றை எடுத்துப் போனாள். நான் ஈரத்துணியோடு ரிவர்ஸில் வந்தேன். தன்னைச் சுற்றி எல்லாம் நடப்பதை ரெஜினா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஒரு டீ" என்றாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ரெஜினா என்னிடம் கேட்ட முதல் டீ அது. ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து அடுப்படிக்குப் போனேன். பால் வைத்தேன், தூள் போட்டேன். சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"ரெஜினா, உனக்கு சர்க்கர எத்தன ஸ்பூன்?"

சிங்க்கருகே ஸ்டூலின் மேல் நின்று தட்டு அலசிக்கொண்டிருந்த அந்து, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மம்மி சர்க்கரயே போட்டுக்க மாட்டாங்க, டாடி" என்றான். "உனக்கு இது கூடவா தெரியாது?"